கைருன்னிஸாவின் கம்ப்யூட்டர் அசல் அல்ல

கற்பிட்டிக் கடைத்தெருவில் கைருன்னிஸாவின் கடைக்கு இன்னும் ‘கொமியூனிகேஷன்’ என்றுதான் பெயர். டெலிபோன் பேச அங்கே ஒருவரும் வருவதில்லை. ஆளுக்கொரு கைபேசி வந்த பிறகு, கண்ணாடி போட்ட இரண்டு டெலிபோன் அறைகளில் ஒன்றில் போட்டோக்கொப்பி மெஷினும் மற்றதில் லெமினேட் மெஷினும் குடியேறிவிட்டன. ஊர் மட்டும் பெயரை மாற்றவில்லை. எங்கள் ஊர் ஒரு பெயரைப் பிடித்தால் ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் விடாது.

அவளுக்கு ஐம்பதைத் தொடுகிற வயது. கல்யாணம் நடக்கவில்லை. ஏன் என்று கேட்டால் “நடக்கல்ல” என்பாள். அதற்கு மேல் கேட்க வருகிறவர்களிடம் எத்தனை கொப்பி வேண்டும் என்று கேட்பாள். வாய் கொஞ்சம் கடுமைதான். ஆனால் நாட்டில் யுத்தம் முடிந்து றோட்டுத் திறந்து, குடாவுக்குள் பட்டத்தைப் பிடித்துத் தண்ணீரில் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கிய பிறகு, டிக்கட் அச்சடிக்க வருகிற அவர்களிடம்கூட மரியாதையாக நடந்துகொள்கிற ஒரே கடை அவளுடையது. மற்றக் கடைகளில் விலையைக் கேட்டாலே அவர்களுக்கு வியர்க்கும்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்தக் கடையில் அவள் மற்றவர்களின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவள். கண்ணாடி அறை என்றாலும் சத்தம் வெளியே வரும். சவூதியில் இருக்கிற புருஷனுக்கு எடுத்து, கட்டின காசு முடியும்வரை “எப்ப வாறீங்க, எப்ப வாறீங்க” என்று அதையே கேட்டுவிட்டுப் போகிற பெண்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. அந்தக் குரலில் தான் யாரிடமும் பேசுவதில்லை என்று மனதுக்குள் ஒரு முடிவை அப்போதே எடுத்திருந்தாள். பேச ஆள் இல்லாத காலத்தில் எடுத்த முடிவு. எளிதாகத்தான் இருந்தது.

பேச ஒரு ஆள் பிறகு வந்தாள். மூத்த சகோதரியின் மகள் பஹ்மிதா. தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போய்விட, பிள்ளை சாச்சியான இவளிடம்தான் வளர்ந்தது. டெலிபோன் அறைக்குள் புத்தகப் பையோடு இருந்து படித்தது. தாய் மௌத்தாகிக் கண்ணை மூடின பிறகும் சாச்சியே கதி என்று இருந்தது. படித்து முடித்து, மெல்பேர்னில் வேலை செய்கிற ஒரு நல்ல மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும்போது, கடையில் இருந்த புதுக் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுகிற செயலியைப் போட்டுக் காட்டிக்கொடுத்தது. “போன் வேணாம் சாச்சி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சாப் பொறகு இதுல வாங்க. மொகம் பாத்துக் கதைப்பம்” என்று சொன்னது.

அன்றிலிருந்து அவளுடைய கிழமைக்கு வெள்ளி மட்டும்தான் நாள். மற்ற ஆறும் அதற்குப் போகிற வழி. பகல் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைத்தெரு அடைத்துக் கிடக்கும்போது கதவைப் பாதி சாத்திவிட்டு, முகம் கழுவி, நல்ல முந்தானையாகப் பார்த்துத் தலையில் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் முன் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவாள். பள்ளிவாசல் கலைந்து ஆட்கள் தெருவில் வருகிற நேரம் அங்கே மெல்பேர்னில் மாலையாகியிருக்கும். பஹ்மிதா சமைத்துக்கொண்டே பேசுவாள். குழந்தை பிறந்த பிறகு பேச்சுக் குறைந்து, குழந்தையைக் காட்டுவது கூடியது. கைருன்னிஸாவுக்கு அதுவும் போதும். யாரோ ஒருவருடைய சட்டி பானைச் சத்தம் தன் கடைக்குள் கேட்பதே ஒரு பெரிய காரியமாக அவளுக்கு இருந்தது.

அந்த வெள்ளிதான் நின்றுபோனது.

அது திடீரென்று நிற்கவில்லை. மாரி தொடங்கிய புதிதில் ஒரு இடி விழுந்து கம்ப்யூட்டரின் டிஸ்க் போய்விட்டது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் புத்தளம் போய், அஸ்ஹான் என்கிற திருத்துகிறவனிடம் கொடுத்தாள். அவன் வேறு டிஸ்க் போட்டு, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக் கொடுத்தான். கடைக்கு வந்ததும் வேலை செய்தது. ஒரு கொஞ்ச நாள்தான். அந்த ஒரு வெள்ளியில், ஊரில் நல்ல மழை என்று பஹ்மிதாவிடம் சொன்னாள். பிறகு ஒரு காலை, திரையில் இருந்த குழந்தையின் படம் போய்க் கறுப்பாகக் கிடந்தது. கீழ் மூலையில் சின்ன எழுத்தில், உங்களிடம் இருப்பது அசல் பிரதி அல்ல என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கைருன்னிஸா டைப் அடிக்கிறவள், ஆங்கிலம் வாசிப்பாள். வாசித்துவிட்டு, ‘நீ சொன்னால் ஆச்சா’ என்று தன் வேலையைப் பார்த்தாள். கொப்பி அடிப்பதற்கும் கடிதம் டைப் பண்ணுவதற்கும் அது ஒரு இடைஞ்சலும் செய்யவில்லை.

இடைஞ்சல் வெள்ளிக்கிழமை வந்தது. முகம் பார்த்துப் பேசுகிற செயலியைத் திறந்தால், இது பழையது, இனி வேலை செய்யாது, புதியதை எடு என்றது. புதியதை எடுக்கப் போனால், உன் கம்ப்யூட்டரின் அடிப்படை மென்பொருளை முதலில் புதுப்பித்துக்கொண்டு வா என்றது. அதைப் புதுப்பிக்கப் போனால், உன்னிடம் இருப்பது அசல் என்று நிரூபிக்கப்படவில்லை, ஆகவே தரமாட்டோம் என்றது. ஒரு கையெழுத்துக்கு மூன்று அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கி, மூன்றாவது கந்தோரில் முதலாவதுக்குப் போகச் சொன்ன கதைதான். அன்றைக்கு அவள் முந்தானையைப் போட்டபடியே பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மருமகனின் நம்பர் மட்டும்தான் அவளிடம் இருந்தது. எடுத்திருக்கலாம்தான். ஆனால் வேலையில் நிற்கிற ஒரு ஆம்பிளைக்கு எடுத்து, பெண்சாதியிடம் கொடுங்கள் என்று கேட்க அவளுக்குக் கூச்சம். கூச்சத்துக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. தன்னுடைய கைபேசி நம்பர் பஹ்மிதாவுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சாச்சி வரவில்லை என்றால் பிள்ளை பதறிப்போய் எடுக்கும். எடுக்கட்டும் என்று இருந்தாள். கைபேசியைக் கொப்பி மெஷினின் மேலேயே வைத்தாள், சத்தத்தையும் கூட்டி வைத்தாள். அடுத்த வெள்ளியும் போனது, அதற்கடுத்ததும் போனது, மாரியும் ஓய்ந்து வெயில் வந்துவிட்டது. பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும், நம்பர் தவறிப் போயிருக்கும், வீடு மாறியிருப்பார்கள் என்று ஒவ்வொன்றாக அவளே சொல்லிக்கொண்டாள். அதனால்தான் கம்ப்யூட்டரைத் திருத்துவது அவ்வளவு அவசரமாகிவிட்டது. அங்கே அவள் எவ்வளவு கவலைப்படுகிறாளோ என்று இங்கே இவளுக்குக் கவலை.

முதலில் கண்ணில் பட்டது திகதி. போடும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ஐந்தாறு வருஷம் பின்னால் போய் நின்றது. தன் திகதியே சரியில்லாத ஒன்றை யாரும் நம்பமாட்டார்கள் என்று அவளுக்குப் பட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சின்ன வட்ட பெட்டரி. அதைக் கழற்றி, இரண்டு கடை தள்ளி மணிக்கூடு திருத்துகிற நெய்னாரிடம் கொண்டுபோனாள்.

“இது எந்த மணிக்கூட்டுக்கு, தங்கச்சி?”

“கம்பியூட்டருக்கு.”

“அதுக்கும் நேரம் பாக்க வேணுமா?”

“ஒங்களுக்கே பாக்க வேணும் எண்டா அதுக்கு வேணாமா” என்றாள். நெய்னார் சிரித்து, அலுமாரியின் அடித் தட்டில் தேடி அதே மாதிரி ஒன்றை எடுத்துத் தந்தார். அதற்கு மேல் கொஞ்சம் பேச்சுக் கொடுக்கலாமா என்று பார்த்தார். அவள் அதற்குள் படி இறங்கிவிட்டாள். தனியாக இருக்கிறவர்கள் தனியாக இருக்கிறவர்களைப் பார்த்து ஒதுங்குவதை எங்கள் ஊரில் நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

திகதி சரியானது. திரை கறுப்பாகத்தான் இருந்தது.

மறுபடியும் மடியில் பெட்டியோடு புத்தளம். நுரைச்சோலையில் ஏறிய ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் என்ன என்று கேட்டாள். “கம்பியூட்டர்” என்றாள் கைருன்னிஸா. “சுகமில்லையா?” என்று அந்தப் பெண் கேட்டது அவளுக்குப் பிடித்திருந்தது. புத்தளம் வரும்வரை அதை நினைத்து நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு வந்தாள். அந்தச் சிரிப்பைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று தோன்றியதும், வெள்ளிக்கிழமைதான் நினைவுக்கு வந்தது.

அஸ்ஹான் திரையைப் பார்த்ததுமே விஷயத்தைச் சொல்லிவிட்டான்.

“திறப்பு அடைபட்டுட்டு லாத்தா.”

திறப்பு, அதாவது சாவி, என்று அவன் சொன்னது, மென்பொருளை வாங்கியவருக்கு மட்டும் என்று கொடுக்கிற எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீள வரி. அதைக் கொடுத்தால்தான் கம்பெனி அதை அசல் என்று ஒத்துக்கொள்ளும். “எத்தின பேருக்கு இதப் போட்டுக் குடுத்த நீங்க?” என்று கேட்டாள்.

“வாற எல்லாருக்கும் என்ட ஒரு திறப்புதான். இவ்வளவு நாளும் ஓடினது. இப்ப கண்டுபுடிச்சிட்டாங்க போல.” அவன் வெட்கப்படவில்லை. “அப்டேட்ட நிப்பாட்டி விட்டுர்றன் லாத்தா. நாம அதுக்கிட்ட ஒண்டும் கேக்காட்டி அதுவும் நம்மகிட்ட ஒண்டும் கேக்காது. கறுப்புத்தானே, இரிந்துட்டுப் போகட்டும்.”

“எனக்கு அப்டேட் வேணும். அது இல்லாட்டி மகளோட கதைக்க ஏலாது.”

மகள் என்ற சொல் எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அஸ்ஹானுக்கு அது கேட்டதோ என்னவோ, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நீங்க இத வாங்கக்குள்ள ஒரிஜினலாத்தானே வந்திரிக்கும். ஒங்கட திறப்பு பெட்டியில ஒட்டியிரிக்குமே. அதப் போட்டாச் சரி.” பின்னால் பார்த்தான், கீழே பார்த்தான். வலது பக்கத்தில், அந்த லேபல் இருக்க வேண்டிய இடத்தில், பச்சை நிறத்தில் தங்க எழுத்தோடு ‘மாஷா அல்லாஹ்’ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

அவன் நகத்தை வைத்தான். “கைய எடுங்க” என்றாள் கைருன்னிஸா.

கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கு ஊர் முழுக்க வந்து பார்த்தது. கண்ணூறு பட்டுவிடும் என்று பஹ்மிதாதான் ஹஜ்ஜுப் பெருநாள் கடையில் அந்த ஸ்டிக்கரை வாங்கி வந்தாள். ஒட்ட இடம் தேடியவளுக்கு, பக்கவாட்டில் ஏற்கெனவே ஒட்டியிருந்த அந்த லேபலின் சதுரம் அளவெடுத்த மாதிரி இருந்தது. அசிங்கமான கம்பெனித் தாள் மறைந்தால் நல்லதுதானே என்று அதன் மேலேயே ஒட்டிவிட்டாள். எங்கள் ஊரில் அப்படித்தான். கடை, ஆட்டோ, படகு என்று எதைப் புதிதாக வாங்கினாலும் கம்பெனி எழுதினதற்கு மேல் அல்லாஹ் பெயரை ஒட்டினால்தான் அது நம்முடையதாகிறது.

அடுத்த நாள் பள்ளிவாசல் ஹஸ்ரத் ஏதோ கொப்பி எடுக்க வந்தபோது அவள் கேட்டாள். அவர் பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, “கிழிச்சு எறிஞ்சாத்தான் பிழை உம்மா. பக்குவமாக் கழட்டி, கால் படாத இடத்துல வைங்க. இதுல என்ன இரிக்கிது” என்று சொல்லிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு லேசாகச் சொன்னது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. கூடாது என்று சொல்வார் என்றுதான் பாதி மனம் காத்திருந்தது. பிள்ளை தன் கையால் இந்தக் கடையில் விட்டுப் போனது அது ஒன்றுதான். விரலால் தடவித் தடவிக் காற்றுக் குமிழியை வெளியேற்றியது அவளுக்கு இன்னும் கண்ணில் நின்றது. அதைக் கழற்ற மனம் வரவில்லை. ஆனால் கழற்றாவிட்டால் பிள்ளையே இல்லை.

கை கால் முகம் கழுவி வுழூச் செய்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். இடுப்பு நாரி உளைவுக்கு வைத்திருந்த வெந்நீர்ப் பையை நிரப்பி, துணி சுற்றி, ஸ்டிக்கரின் மேல் வைத்துப் பிடித்தாள். பசை இளகியதும் மீன்காரரிடம் வாங்கி வைத்திருந்த மெல்லிய தங்கூசி நைலோன் நூலை ஓரத்தில் நுழைத்து, அறுக்கிற மாதிரி மெல்ல மெல்ல இழுத்தாள். ஆட்கள் வந்து நின்று பார்த்துவிட்டு, கொப்பி கிடைக்காது என்று தெரிந்து போனார்கள். ஒரு மூலையைத் தவிர ஸ்டிக்கர் முழுதாக வந்தது. அதை அப்படியே லெமினேட் மெஷினுக்குள் விட்டு எடுத்து, சுவரில் திரைக்கு மேலே தொங்கவிட்டாள். கீழே லேபல் இருந்தது. எழுத்து மங்கியிருந்தாலும் வாசிக்க முடிந்தது.

அந்தத் திறப்பைப் போட்டதும் கம்ப்யூட்டர் உடனே ஒத்துக்கொண்டுவிடவில்லை. இன்டர்நெட்டில் உறுதி செய்ய முடியாது, இந்த நம்பருக்கு டெலிபோன் எடு என்றது. கைருன்னிஸா எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், பதிந்து வைத்த குரல், ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசியது. திரையில் இருக்கிற எண்களை அழுத்தச் சொன்னது. ஊருக்கெல்லாம் வெளிநாட்டு நம்பர் சுழற்றிக் கொடுத்த விரல் அது, ஒன்றும் பிழைக்கவில்லை. அந்தக் குரல் அவசரப்படவில்லை, நடுவில் வேறு யாரோடும் பேசவில்லை. இந்தத் திறப்பை எத்தனை கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டது.

“ஒண்டே ஒண்டுதான் மகள்” என்றாள் கைருன்னிஸா. சொன்ன பிறகுதான் அழுத்த வேண்டும் என்று நினைவு வந்து ஒன்றை அழுத்தினாள்.

குரல் எண்களைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே போனது. அவள் கேட்டுக் கேட்டுத் திரையில் அடித்தாள். கடைசி எண் முடிந்ததும் நன்றி சொல்லி வைத்துவிட்டது. அவ்வளவு நாளில் அவளோடு அதிக நேரம் பேசியது அந்தக் குரல்தான் என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. உறைத்தபோது சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

கம்ப்யூட்டர் இப்போது தான் அசல் என்று ஒத்துக்கொண்டது. கறுப்புப் போனது. புதுப்பிப்புகள் வரத் தொடங்கின. எங்கள் ஊர் இன்டர்நெட்டில் அது மாட்டு வண்டியில் வருகிற மாதிரி வந்தது. அணைக்காதே, அணைக்காதே என்று திரை எச்சரித்துக்கொண்டேயிருந்தது. கரண்ட் போய்விடக்கூடாது என்று துஆக் கேட்டுக்கொண்டு, கடையைப் பூட்டாமல் பாயைப் போட்டு அங்கேயே இருந்தாள். வியாழன் மாலை எல்லாம் ஏறி முடிந்து, பேசுகிற புதிய செயலியும் ஏறியது. திறந்ததும் அவள் முதலில் பார்த்தது, தான் இல்லாத வெள்ளிகளில் எத்தனை அழைப்பு வந்து தவறியிருக்கிறது என்பதை. ஒன்றும் காட்டவில்லை. பழையது போய்ப் புதியது வரும்போது அதெல்லாம் அழிந்திருக்கும் என்று முடிவு செய்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை கதவைப் பாதி சாத்தினாள். முகம் கழுவினாள். என்னென்ன சொல்வது என்று மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். கறுப்புத் திரை, நெய்னாரின் பெட்டரி, பஸ்ஸில் சுகமில்லையா என்று கேட்ட பெண், அஸ்ஹானின் ஒற்றைத் திறப்பு, கடைசியில் ஸ்டிக்கர். ஸ்டிக்கரை நீதான் ஒட்டினாய் என்று சொல்லிக் கொஞ்சம் ஏச வேண்டும் என்றும் இருந்தாள். முதலில் பிள்ளை அழுதால் என்ன சொல்லித் தேற்றுவது என்பதையும் யோசித்து வைத்திருந்தாள்.

பள்ளி கலைந்தது. அழைத்தாள். இரண்டு முறை அடித்ததும் திரையில் பஹ்மிதா வந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஆ, சாச்சி. எப்பிடி இரிக்கிறீங்க?”

“நல்லம் மகள். மிச்சம் நாளாப் போச்சு, கதைக்க ஏலாமப் போச்சு. என்ன நடந்த எண்டா...”

பஹ்மிதா நிமிர்ந்து பார்த்தாள். கத்தி கையில் நின்றது. “என்ன சாச்சி மிச்சம் நாள் எண்டு சொல்றீங்க? போன வெள்ளி கதைச்சம் தானே. ஊருல நல்ல மழை எண்டு சொன்னீங்களே.”

பாதி சாத்திய கதவுக்கு அப்பால் தெரு வெயிலில் காய்ந்து கிடந்தது. கற்பிட்டியில் மழை பெய்து மாதங்கள் ஆகிவிட்டன. திரையில், பஹ்மிதாவுக்குப் பின்னால் இருந்த கதவால் குழந்தை சமையலறைக்குள் வந்தது. கடைசியாக அவள் கண்டபோது தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை, சுவரைக்கூடப் பிடிக்காமல் நடந்து வந்து தாயின் காலைக் கட்டிக்கொண்டது.

“ஓம் மகள்” என்றாள் கைருன்னிஸா. “போன வெள்ளி கதைச்சம் தான்.”